கறுப்புக் காரும் வெள்ளைக் கோடும்

மும்பையில் மாட்டுங்கா என்று ஓர் இடம். அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஓர் இளைஞன் தினமும் விடிகாலையில் அங்கே வருவான். 15 கார்களைக் கழுவுவான். ஒரு காருக்கு இவ்வளவு என்று மாதக் கூலி. அவன் குடியிருப்பது தாராவியில். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள்.

அந்தக் கட்டடத்தில் ஒரு கறுப்புக் கார் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதன் சொந்தக்காரர் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். ஸ்ப்ரே சீலண்ட் என்று அதற்குப் பெயர். காரின் பெயிண்டுக்கு மேலே மெல்லிய பூச்சாகப் படியும். தண்ணீரும் தூசியும் எளிதில் ஒட்டாது.

"ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். இந்தக் காரில்தான் மாப்பிள்ளை வருவார். நன்றாகச் செய். இன்னும் நாலு வீட்டில் சொல்லிவிடுகிறேன்" என்று இந்தியில் சொன்னார்.

நாலு வீடு என்றால் மாதம் நாலு கூலி. இளைஞனுக்கு ஒரே மகிழ்ச்சி. மற்றக் கார்களை முடித்துவிட்டு நிதானமாகச் செய்யலாம் என்று நினைத்தான். முடிக்கும்போது மணி 11 ஆகிவிட்டது. மே மாதம். கார் வெயிலில் நின்றது. பானெட்டில் கை வைக்க முடியவில்லை.

காரைக் கழுவினான். நிறைய அடித்தால் நிறைய பளபளக்கும் என்று எண்ணினான். கார் முழுவதும் மருந்தை அடித்தான். பிறகு பழைய பனியன் துணியால் துடைக்கத் தொடங்கினான். ஒரு கதவைத் துடைப்பதற்குள் மறு கதவு காய்ந்துவிட்டது. கோடு கோடாக வெளுத்தது. அழுத்தித் துடைத்தான். கோடு போகவில்லை. எண்ணெய் ஈஷியது போல ஆயிற்று.

சொந்தக்காரர் இறங்கி வந்தார். பார்த்தார். "மாடு நக்கியது போல இருக்கிறது. நாளைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் இளைஞன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனான். அண்ணாச்சியும் அவன் ஊர்க்காரர்தான். பல வருடம் டாக்சிகளைக் கழுவி மெருகேற்றியவர். மும்பை டாக்சிக்கு உடம்பு கறுப்பு, கூரை மஞ்சள். பழைய பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன. அந்தக் காலத்தில் அவர் துடைக்காத பத்மினி இல்லை என்று தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான்.

"பாட்டிலில் என்ன போட்டிருக்கு, தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"எல்லாம் இங்கிலீஷ், அண்ணாச்சி. பார்க்கவில்லை."

அண்ணாச்சியின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். "கொடுங்க சித்தப்பா, நான் படிக்கிறேன்" என்று பாட்டிலை வாங்கினாள். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். இளைஞன் இரவு வகுப்பில் எழுதப் படித்தவன். நோட்டில் மெதுவாக எழுதிக்கொண்டான். நன்றாகக் குலுக்கவும். நிழலில் செய்யவும். வண்டி சூடாக இருக்கக் கூடாது. சிறிதளவு போதும். 12 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

"அத்தனையும் நான் தப்பாச் செய்திருக்கேன்" என்றான் இளைஞன்.

அண்ணாச்சி சிரித்தார். "தோசைக்கல் ரொம்பக் காய்ந்துவிட்டால் மாவை இழுக்க முடியுமா? ஊற்றின இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். இதுவும் அப்படித்தான். மருந்தில் பெரும்பங்கு நீர். வெயிலில் நீர் சட்டென்று ஆவியாகிவிடும். மிச்சம் உள்ளது பரவாமல் திட்டாக நின்றுவிடும். கறுப்பு நிறம் வெயிலை நன்றாக இழுக்கும். அதனால் சூடும் அதிகம்."

"பக்கத்து வெள்ளைக் காரில் இப்படித் தெரியலையே, அண்ணாச்சி?"

"கரும்பலகையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டால் பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சுவரில் போட்டால் தெரியுமா? வெள்ளைக் காரிலும் கோடு விழும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

இளைஞனுக்கு ஒரு பயம் இருந்தது. பெயிண்ட் கெட்டுவிட்டதோ? இல்லை என்றார் அண்ணாச்சி. இன்று விழுந்த கோடு நாளைக்குப் போகும். பல நாள் விட்டால்தான் இறுகிவிடும். பிறகு பாலிஷ் போட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

பனியன் துணி வேண்டாம் என்றும் சொன்னார். மைக்ரோஃபைபர் துணி நான்கு கொடுத்தார். "இதைத் தனியாகத் துவைக்கணும். துணி மணக்கப் போடும் கண்டிஷனரில் போடாதே. அது துணியில் படிந்து நின்று, காரில் கோடு போடும்."

சனிக்கிழமை விடியுமுன்பே இளைஞன் வந்துவிட்டான். காரை நிழலுக்குத் தள்ளினார்கள். காவலாளியும் ஒரு கை கொடுத்தார். பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது.

முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைப் போக்கினான். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். கார் ஷாம்பூவால் கழுவினான். பழைய கோடுகளில் முக்கால்வாசி அப்போதே போய்விட்டன. அங்கே போர் தண்ணீர். அது தானாகக் காய்ந்தால் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதனால் உடனே துணியால் ஒற்றி எடுத்தான். கதவு இடுக்கிலும் கண்ணாடி ஓரத்திலும் தண்ணீர் தேங்கும். அது பிறகு வழிந்து கோடு போடும். அங்கேயும் துடைத்தான்.

பாட்டிலைக் குலுக்கினான். மருந்தைக் காரில் அடிக்கவில்லை. துணியில் இரண்டு தடவை அடித்தான். ஒரு கதவில் மட்டும் தடவினான். உடனே காய்ந்த மற்றொரு துணியால் துடைத்தான். துணி ஈரமானதும் வேறு மடிப்பைத் திருப்பினான். அந்தக் கதவு முடிந்த பிறகுதான் அடுத்த கதவு. பானெட் பெரியது. அதை இரண்டு பாதியாகச் செய்தான்.

முன் கண்ணாடியில் மருந்து படாமல் பார்த்துக்கொண்டான். அங்கே மங்கல் விழுந்தால் இரவில் எதிர் வண்டி வெளிச்சத்தில் பாதை தெரியாது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் தட்டின் பக்கமும் போகவில்லை. அதில் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. இந்த இரண்டையும் அண்ணாச்சி மூன்று முறை சொல்லியிருந்தார்.

எல்லாம் முடிந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தான். டிக்கியில் ஒரு கோடு இருந்தது. அழுத்தித் தேய்க்கவில்லை. துணியில் ஒரே ஒரு தடவை மருந்து அடித்தான். கோட்டின் மேல் தடவி, உடனே காய்ந்த துணியால் துடைத்தான். பழையதும் இளகிப் புதியதோடு வந்துவிட்டது.

எட்டு மணிக்குச் சொந்தக்காரர் இறங்கி வந்தார். காரைச் சுற்றி வந்தார். டிக்கியில் தம் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் செல்போனை எடுத்து மூன்றாம் மாடிக்காரரைக் கீழே கூப்பிட்டார்.

இளைஞன் நோட்டைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தான். 12 மணி நேரம். இரவு எட்டு மணி வரை தண்ணீர் படக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தோட்டக்காரர் குழாயைத் திறந்துவிடுவார். கார் நிற்பது செடிகளுக்குப் பக்கத்தில்.

துணிகளை வாளியில் போட்டுவிட்டு, தோட்டக்காரரைத் தேடிப் போனான்.