நேர்க்கூற்றும் அயற்கூற்றும்

கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணியைத் தொடங்கினர். வேலை தேடி வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் மீது அழுத்தம் மிகுதி. சில வேளைகளில் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அந்த அதிர்ச்சி மேலே லைன் வீடுகளிலும் உணரப்படும். வீட்டில் இருப்போர் கீழே சென்றவரைப் பற்றிய செய்திக்காகக் காத்திருப்பர்.

கீழே இருப்பவர் உடனே மேலே வர இயலாது என்று வைத்துக்கொள்வோம். ஷிஃப்ட் முடிந்து மேலே வரும் ஒருவரிடம் அவர் கூறுகிறார்:

"நான் நலமாக இருக்கிறேன்."

செய்தி கொண்டுவந்தவர் இதை அவருடைய மனைவியிடம் இரண்டு வகையாகக் கூறலாம்.

"நான் நலமாக இருக்கிறேன்" என்று உங்கள் கணவர் சொன்னார்.
உங்கள் கணவர் தாம் நலமாக இருப்பதாகச் சொன்னார்.

ஒருவர் பேசிய சொற்களை மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் அமைத்து, 'என்று' என்னும் சொல்லால் இணைப்பது நேர்க்கூற்று. பேசியவரின் கருத்தை எடுத்துரைப்பவர் தம் வாக்கியமாக மாற்றிக் கூறுவது அயற்கூற்று. அயற்கூற்றில் மேற்கோள் குறி இல்லை. 'நான்' என்பது 'தாம்' ஆயிற்று. 'இருக்கிறேன்' என்பது 'இருப்பதாக' ஆயிற்று.

ஆங்கிலப் பாடத்திலும் இவ்விலக்கணம் உண்டு. அங்கே 'ஐ ஆம் வெல்' என்பதை அயற்கூற்றாக மாற்றினால் 'ஹீ செட் ஹீ வாஸ் வெல்' என்று வரும். 'ஆம்' என்னும் நிகழ்காலம் 'வாஸ்' என்னும் இறந்தகாலமாக மாறுகிறது. 'செட்' என்பது இறந்தகாலமாதலின் அதனைப் பின்பற்றி மற்ற வினையும் பின்னோக்கிச் செல்கிறது; பொருள் மாறுவதில்லை. ஆங்கில வழியில் பயிலும் மாணவர் பலர் இப்பழக்கத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்து, 'தாம் நலமாக இருந்ததாகச் சொன்னார்' என்று எழுதிவிடுகின்றனர். இது சிறு பிழை அன்று. 'இருந்ததாக' என்றால் முன்பு நலமாக இருந்தார் என்பதே பொருள். இப்போது? சுரங்க வாயிலில் நிற்கும் மனைவியின் நெஞ்சம் பதறும். தமிழில் பேசியவர் நிகழ்காலத்தில் கூறியதை இறந்தகாலமாக்குதல் கூடாது. 'இருந்தேன்' என்று அவர் கூறியிருந்தால் மட்டுமே 'இருந்ததாக' என்று வரும்.

இனி, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதியைக் காண்போம். 'ஹீ செட் ஹீ வாஸ் வெல்' என்னும் வாக்கியத்தில் இரண்டாவது 'ஹீ' யார்? பேசியவரா, அவரோடு இருந்த வேறொருவரா? வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. தமிழில் 'தான்', 'தாம்' என்னும் சொற்கள் பேசியவரையே சுட்டும். 'தாம் நலமாக இருப்பதாகச் சொன்னார்' என்றால் சொன்னவரே நலம். 'அவர் நலமாக இருப்பதாகச் சொன்னார்' என்றால் வேறொருவர் நலம் என்றும் கொள்ள இடமுண்டு. ஒரே குழுவில் இருவர் வேலை செய்யும்போது, எந்த வீட்டில் நிம்மதி, எந்த வீட்டில் கவலை என்பதை இந்த ஒரு சொல் தீர்மானித்துவிடும். சிறியவருக்கும் ஒத்த வயதினருக்கும் 'தான்' என்றும், மதிப்பிற்குரியவருக்குத் 'தாம்' என்றும் எழுதுக.

கட்டளைகளும் சுரங்கத்தில் பல வாய் கடந்தே சென்றன. ஆங்கிலத்தில் பேசும் அதிகாரி கூறியதை மேஸ்திரி தமிழிலோ தெலுங்கிலோ தொழிலாளருக்கு எடுத்துரைப்பார். "இந்த இடத்திற்குள் போகாதீர்கள், முதலில் மரமுட்டுக் கொடுங்கள்" என்று அதிகாரி கூறியதை வேறிடத்தில் நிற்கும் மேஸ்திரி எவ்வாறு உரைப்பார்?

அந்த இடத்திற்குள் போகக் கூடாது என்றும், முதலில் மரமுட்டுக் கொடுக்குமாறும் அதிகாரி கட்டளையிட்டார்.

ஏவல் வினை '-மாறு' அல்லது '-படி' பெறுகிறது. 'இந்த' என்பது 'அந்த' ஆகிறது. மேஸ்திரி மறந்துபோய் 'இந்த இடம்' என்றே கூறினால், தொழிலாளர் தாம் நிற்கும் இடத்தையே எண்ணிக்கொள்வர். ஆபத்துள்ள இடம் காவலின்றிக் கிடக்கும்.

'இன்று' என்பது 'அன்று' எனவும், 'நாளை' என்பது 'மறுநாள்' எனவும் மாறும் என்று வாய்பாடு கூறும். ஆயினும் வாய்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. திங்கட்கிழமை ஒருவர் "நாளை வருவேன்" என்றார். அதே நாளில் செய்தியைச் சொன்னால் 'நாளை வருவதாக' என்பதே சரி. செவ்வாய்க்கிழமை சொன்னால் 'இன்று வருவதாக' என வேண்டும். பல நாள் கழித்துக் கூறும்போதுதான் 'மறுநாள்' பொருந்தும்.

மற்றொன்று. 'வருகிறேன்', 'வருவேன்' ஆகிய இரண்டும் அயற்கூற்றில் 'வருவதாக' என்றே பெரும்பாலும் அமையும். தமிழர் வீட்டை விட்டுப் புறப்படும்போது 'போகிறேன்' என்று கூறாமல் 'போய் வருகிறேன்' என்பர். சுரங்கத்திற்குச் சென்றோர் நாள்தோறும் கூறிய சொல் அது. அயற்கூற்றில் அது, 'தாம் போய் வருவதாகக் கூறிச் சென்றார்' என ஆகும்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்போது தங்க வயலில் வாழ்வோர் பலர் காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். செய்தி கைப்பேசியில் வருகிறது. அதைப் பாட்டிக்கு எடுத்துரைப்பது வீட்டில் இருக்கும் பிள்ளையின் வேலை.

பயிற்சி

அ. அயற்கூற்றாக மாற்றுக. காலத்தை மாற்றாதிருக்கக் கவனம் கொள்க.
1. "ரயில் தாமதமாக வருகிறது, நான் இரவு ஒன்பது மணிக்கு வருவேன்" என்று அப்பா சொன்னார்.
2. "எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடுங்கள்" என்று அப்பா சொன்னார்.
3. "நீ மருந்து சாப்பிட்டாயா?" என்று பாட்டி தம்பியிடம் கேட்டார்.

ஆ. பின்வரும் இரண்டு வாக்கியங்களிலும் களைப்பாக இருப்பவர் யார் என எழுதுக.
1. மாமா தாம் களைப்பாக இருப்பதாகத் தாத்தாவிடம் சொன்னார்.
2. மாமா அவர் களைப்பாக இருப்பதாகப் பாட்டியிடம் சொன்னார்.

இ. சுரங்கத்தில் வேலை செய்த உறவினர் அல்லது அண்டை வீட்டார் ஒருவரிடம் பேசுக. அவர் கூறியவற்றுள் ஒரு செய்தியை முதலில் நேர்க்கூற்றிலும், பின்னர் அயற்கூற்றிலும் ஐந்து வரிகளில் எழுதுக. எழுதியதை அவரிடமே படித்துக்காட்டி, தாம் கூறிய பொருள் மாறாமல் உள்ளதா எனக் கேட்டறிக.