முடக்கறுத்தானும் உழிஞையும்

நுழையுமுன்

ஊர் மாறினால் மூலிகையின் பெயரும் மாறும். ஆயினும், சில பெயர்களுக்குள் பழந்தமிழ் வாழ்ந்துகொண்டிருக்கிறது. மூட்டுவலிக்கு மருந்து தேடிய ஒரு பாட்டியின் வழியே அத்தகைய பெயரொன்றை அறிவோம்.

பாடம்

கேரளத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் அமரவிளை. தெற்கே பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. அமரவிளையில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றிற்குத் திருநெல்வேலியிலிருந்து பாட்டி வந்திருந்தார். ஆடி மாதம், விடாத மழை. பாட்டிக்குக் கைகால் மூட்டுகள் வலித்தன.

"முடக்கறுத்தான் கீரை கிடைக்குமா?" என்று அண்டை வீட்டு மலையாள மூதாட்டியிடம் கேட்டார். அவருக்கு அப்பெயர் விளங்கவில்லை. வேலியில் படர்ந்திருந்த கொடியைப் பேத்தி சுட்டிக்காட்டினாள். "இது உழிஞ்ஞயல்லே!" என்று அவர் சிரித்தார்.

உழிஞ்ஞ என்பது பழந்தமிழின் உழிஞை ஆகும். பகைவரின் கோட்டையை முற்றுகையிடும் வீரர் உழிஞையைச் சூடினர். கோட்டையைக் காக்கும் வீரர் நொச்சியைச் சூடினர். அவ்விரண்டும் புறத்திணைகளின் பெயர்களாயின. போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற அவ்விரு செடிகளும் மூட்டுவலி மருத்துவத்தில் ஒன்றாய் நிற்கின்றன. காற்றடைத்த பை போன்ற காயும், கரிய விதையில் இதய வடிவ வெண்புள்ளியும் முடக்கறுத்தானின் அடையாளங்கள்.

அரிசியுடன் அக்கீரையை அரைத்துத் தோசை வார்ப்பர். மணம் மிக்க நொச்சி இலையை வதக்கி, துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பர். வெப்பத்தால் இரத்த ஓட்டம் கூடும். இறுகிய தசைகள் தளரும். நறுமணம் மனத்தை அமைதிப்படுத்தும். வலியை உணர்வது மூளையாதலால், மனம் அமைதியுற்றால் வலியும் சற்றுக் குறைந்ததாகத் தோன்றும். பிரான்சு நாட்டு வேதியியலாளர் கட்டேஃபோசே இத்தகைய மருத்துவத்திற்கு 'அரோமாதெரபி' எனப் பெயரிட்டு 1937இல் நூல் எழுதினார். நம் பாட்டிமார் பெயரிடாமலேயே அதனைச் செய்துவந்தனர்.

எனினும், மூலிகைக்கும் எல்லை உண்டு. நீலகிரித் தைலம் பூசுவதற்குரியது, குடித்தால் நஞ்சாகும். பெயரும் முகவரியும் இல்லாத மூட்டுவலித் தூள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்த நிகழ்வுகளும் உண்டு.

ஒரு நாள் காலையில் பாட்டியின் இரு கை விரல்களும் வீங்கியிருந்தன. ஒரு மணி நேரம் கடந்தும் விரல்களை மடக்க இயலவில்லை. "இன்னும் இரண்டு நாள் ஒற்றடம் கொடுத்தால் சரியாகிவிடும்" என்றார் பாட்டி. பேத்தி விடவில்லை, "டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாம், பாட்டி" என்று வற்புறுத்தினாள்.

இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் எனத் தெரிந்தது. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய் அது. காலம் தாழ்த்தினால் மூட்டுகள் உருக்குலைந்து நிரந்தரமாக முடங்கக்கூடும். "இலை வலியை ஆற்றும், நோயைக் கட்டுப்படுத்த மருந்து வேண்டும். உண்ணும் மூலிகை எதுவாயினும் எங்களிடம் சொல்லிவிடுங்கள்" என்றார் மருத்துவர்.

பாட்டி இப்போது மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறார். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வாரம் ஒருமுறை முடக்கறுத்தான் தோசையும் உண்கிறார். வேலியோரக் கொடியைப் பேத்தி 'உழிஞை' என்றே அழைக்கிறாள். அண்டை வீட்டாருக்கும் அது விளங்குகிறது.

சொல்லும் பொருளும்

முடக்கு – மடக்க இயலாத நிலை
ஒற்றடம் – சூடான பொருளால் ஒற்றி எடுத்தல்
மூதாட்டி – வயது முதிர்ந்த பெண்

சொற்களை அறிவோம்

முடக்கறுத்தான் = முடக்கு + அறுத்தான்
எண்ணெய் = எள் + நெய்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நெய்யாறு, வேலியோரம், மூட்டுவலி.
2. உழிஞை, நொச்சி ஆகியவற்றைச் சூடிய வீரர் யாவர்?
3. நொச்சி ஒற்றடம் வலியைத் தணிப்பது எவ்வாறு?
4. பாட்டி மருத்துவமனைக்குச் செல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. உன் வீட்டருகே வளரும் மூன்று செடிகளின் தமிழ்ப் பெயரையும் அவ்வூர்ப் பெயரையும் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.