பெயர் ஒன்று, முகவரி பல

மயிலையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வேடிக்கையைக் காணலாம். பல வீட்டு வாயில்களில் ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும்: பழைய எண், புதிய எண். எண்கள் மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் பழையதை அழிக்க எவருக்கும் மனம் வரவில்லை. பழைய எண்ணை மட்டும் அறிந்த உறவினரின் கடிதம் வழி தவறிவிடக் கூடாதே என்னும் அச்சந்தான் காரணம். அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை எங்கள் பள்ளிக்கு நேர்ந்த ஒரு சங்கடம் எங்களுக்கு உணர்த்தியது.

சென்ற ஜூலை மாதம் நம் பள்ளியின் வலைத்தளம் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. புதிய தளம் அழகாக இருந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். நான்கு நாட்கள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் அக்காவின் தந்தை அலுவலகத்துக்கு வந்தார். கட்டணச் சலுகைக்காகக் கல்லூரி பள்ளியிடம் ஓர் உறுதிக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்ததாம். மறுநாள் மாலையோடு கெடு முடிகிறது. ஆனால் பள்ளிக்கு அப்படி ஒரு கடிதமே வரவில்லை! பார்த்தால், அந்த நான்கு நாட்களில் எந்தக் கடிதமுமே வந்திருக்கவில்லை.

சிஸ்டர் உடனே கடிதத்தைத் தட்டச்சு செய்து, முத்திரையிட்டு, ஆட்டோவில் அடையாற்றுக்குக் கொடுத்தனுப்பினார். அக்காவுக்குச் சலுகை கிடைத்தது. பிறகு, கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த எங்கள் ஐவரையும் அழைத்து, "தளம் தெரிகிறது, கடிதம் மட்டும் ஏன் வரவில்லை? கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் ஆசிரியையின் உதவியோடு கற்றதை இங்கே தருகிறோம்.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. இதை ஐ.பி. எண் என்பர். மனிதர்களுக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் அமெரிக்காவில் ஒரே பட்டியலில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கணிப்பொறிகள் பெருகவே அந்தப் பட்டியலைச் சமாளிக்க முடியவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அறிஞர் டி.என்.எஸ். என்ற முறையை வகுத்தார். இதன்படி பொறுப்பு பலருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. தியாகராய நகரில் ஒரு வீட்டைத் தேடுபவர் முதலில் பேட்டையையும், பிறகு தெருவையும், கடைசியில் வீட்டையும் விசாரிப்பது போல, கணிப்பொறியும் முதலில் மூல வழங்கியையும், பிறகு 'இன்' என்னும் நம் நாட்டுப் பேரேட்டையும், இறுதியாகப் பள்ளியின் சொந்தப் பேரேட்டையும் கேட்கிறது. நம் நாட்டுப் பேரேட்டை 2005 முதல் 'நிக்சி' என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது.

இந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2007-இல் உலக அளவில் பதினொரு சோதனைப் பெயர்கள் அமைக்கப்பட்டபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 'உதாரணம்.பரிட்சை' என்பதே அப்பெயர். இன்று '.இந்தியா' என்று தமிழிலேயே முகவரி முடியலாம்.

பள்ளியின் பேரேட்டில் ஒரே பெயருக்குப் பல பதிவுகள் உண்டு. முக்கியமானவை மூன்று:

ஏ பதிவு: வலைத்தளம் எந்த எண்ணுள்ள கணிப்பொறியில் இருக்கிறது என்று சொல்வது. பார்வையாளருக்கான வாசல் இது.

எம்.எக்ஸ். பதிவு: கடிதங்களை எந்தக் கணிப்பொறியில் சேர்ப்பது என்று சொல்வது. இது தபால்பெட்டி. பார்வையாளரின் வாசலும் தபால்பெட்டியும் வேறு வேறு ஊர்களில்கூட இருக்கலாம்.

டி.எக்ஸ்.டி. பதிவு: நம் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கணிப்பொறிகளுக்கு உரிமை உண்டு என்பதை இதில் எழுதி வைக்கலாம். பள்ளியின் பெயரால் பொய்க் கடிதம் எழுதிப் பெற்றோரிடம் கட்டணம் கேட்கும் ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க இது உதவுகிறது.

இப்போது தவறு விளங்கியது. தளம் மாறியபோது பேரேடும் புதிய நிறுவனத்துக்குப் போயிற்று. அங்கே ஏ பதிவு மட்டும் எழுதப்பட்டது. எம்.எக்ஸ். பதிவை எழுத மறந்துவிட்டார்கள். அப்பதிவு இல்லாவிட்டால், கடிதம் ஏ பதிவு காட்டும் வாசலையே தட்டிப் பார்க்கும். அங்கே தபால்பெட்டி இல்லை. கடிதங்கள் திரும்பிப் போயின. திரும்பிய கடிதத்தைக் கல்லூரியில் எவரும் கவனிக்கவில்லை.

திருத்துவதற்கும் ஒரு நாள் பிடித்தது. பேரேட்டைத் திறக்கும் கடவுச்சொல், முன்பு பள்ளிக்கு உதவிய ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது! அவரைத் தேடிப் பிடித்து, விட்டுப்போன பதிவுகளை எழுதினோம். சில கடிதங்கள் அன்று மாலையே வந்தன; சில மறுநாள்தான் வந்தன. ஏனெனில், கேட்டறிந்த விடையை ஒவ்வொரு கணிப்பொறியும் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். அந்தக் காலத்துக்கு டி.டி.எல். என்று பெயர். அது விநாடிகளில் குறிக்கப்படும். 86,400 என்று எழுதியிருந்தால் ஒரு முழு நாள். பழைய எண்ணையே நினைத்துக்கொண்டு வரும் தபால்காரரைப் போன்றதுதான் இது.

ஆகவே, தளத்தை மாற்றும் எவரும் நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. பழைய பேரேட்டின் எல்லாப் பதிவுகளையும் முதலில் தாளில் படியெடுக்க வேண்டும்.
2. புதிய பேரேட்டில் அனைத்தையும் எழுதிச் சரிபார்த்த பிறகே மாற வேண்டும்.
3. ஒரு பதிவின் எண்ணை மாற்றுவதாயின், முதல் நாளே அதன் டி.டி.எல். அளவை 300 விநாடியாகக் குறைக்க வேண்டும்.
4. பழைய இடத்தைச் சில நாட்கள் மூடாமல் வைத்திருக்க வேண்டும்.
5. மாறியதும் வெளியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும்.
6. கடவுச்சொல்லும் புதுப்பிக்கும் தேதியும் தனி ஒருவரிடம் இராமல் பள்ளியின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இப்போது நம் பள்ளி அலுவலக அலமாரியில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. அதில் பதிவுகள் அனைத்தையும் எங்கள் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு நாங்கள் பத்தாம் வகுப்பில் இருக்க மாட்டோம். தங்கையரே, அந்த நோட்டு இனி உங்கள் பொறுப்பு. அழகான முகப்பைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். தபால்பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். யாரோ ஓர் அக்காவின் படிப்பு அதற்குள் காத்திருக்கக்கூடும்.

— கணிப்பொறி மன்ற மாணவியர், பத்தாம் வகுப்பு