மோதின வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னா நஷ்டஈடு கிடைக்குமா?



சந்தைக்குப் போய் வரும் வழியில் ஒரு பைக் மோதி, நம்ம உறுப்பினர் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசாரித்தால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை. உடனே நாலு பேர் கூடி, “கேஸ் போட்டாலும் ஒண்ணும் வராது, பத்தாயிரம் வாங்கிக்கிட்டு விடும்மா” என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் உட்காரும்போதுதான் அந்தப் பணம் எந்த மூலைக்கு என்று தெரியும்.

நஷ்டஈடு கட்டாயம் கேட்கலாம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி தர வேண்டிய பணத்தை வண்டி உரிமையாளரும் ஓட்டியவரும்தான் தர வேண்டும்.

என்ன செய்யணும்?

1. முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி நம்பரைக் குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

2. போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். சமாதானப் பேச்சு எதுவானாலும் இதற்குப் பிறகுதான். வக்கீலைக் கேட்காமல் எந்தப் பேப்பரிலும் கையெழுத்து வேண்டாம்.

3. காயச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில், எக்ஸ்ரே, ஆதார், சம்பள விவரம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

4. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். நாம் குடியிருக்கிற ஊருக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் வந்தது. நாள் கடந்திருந்தாலும் வக்கீலைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

5. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்குப் போன் செய்யலாம்.

“நான் வீட்டு வேலைதானே பார்க்கிறேன், எனக்கு என்ன வருமானம்?” என்று நினைக்காதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட்டு நஷ்டஈடு தர வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உரிமையாளர் பணம் கட்டாவிட்டால்?

தீர்ப்பு வந்தும் அவர் கட்டவில்லை என்றால், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை, உரிமையாளர் போதிய ஈடு கட்டாதவரை விடக்கூடாது, ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று விதி கொண்டுவரும்படி 2018-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதனால் ஸ்டேஷனிலிருந்து வண்டி வெளியே போவதற்குள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். இருந்தாலும் ஏழை உரிமையாளரிடம் வசூலிக்க நாளாகும். அதற்காகத்தான் நமக்கென்று ஒரு பாதுகாப்பு வேண்டும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லையா? உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.

நம்ம பக்கம் என்ன செய்யலாம்?

பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிரிழப்பு அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். மோதின வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று பார்ப்பதில்லை. மே மாதம் பிடித்தம் ஆகும்போது கணக்கில் பணம் இருக்கட்டும்.

இன்னொன்று, நம்ம வீட்டு வண்டி. கடன் வாங்கி எடுத்த பைக்குக்கு இன்சூரன்ஸ் முடிந்துபோய், நம்ம பையன் யார் மேலாவது மோதினால், வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் வீடு, நிலம்தான் பதில் சொல்லணும்.

குழுவில் பேசுங்கள்

• நம்ம குழுவில் எத்தனை பேர் வீட்டு வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது?
• 20 ரூபாய்த் திட்டத்தில் சேராதவர்கள் யார்?

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் இன்சூரன்ஸ் பேப்பரையும் பாஸ் புக்கையும் எடுத்து வாருங்கள்.