நின்றுபோன ஆட்டமும் பகடைக் கணக்கும்

திருவனந்தபுரத்துப் பழவங்காடியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கே சென்றால் பாளையத்தை அடையலாம். அங்குள்ள பல்கலைக்கழக விளையாட்டரங்கில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் ஆடின. முதலில் ஆடிய இந்திய அணி 175 ஓட்டங்கள் எடுத்தது. ஆஸ்திரேலிய அணி ஒரு விக்கெட்டை இழந்து 29 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது மழையால் ஆட்டம் நின்றது. ‘முடிவு இல்லை’ என்றே அது ஏட்டில் பதிவாயிற்று.

மழை பெய்யாதிருந்தால் வென்றிருக்கக்கூடியவர் யார்? இதற்கு உறுதியான விடை கிடையாது. ஆயினும் எஞ்சிய பகுதியை மேசைமேல் பலமுறை ஆடிப் பார்த்து, எம்முடிவுக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று மதிப்பிடலாம். இதனைப் பாவனைச் சோதனை எனலாம். வகுப்பறையில் நிகழ்தகவைக் கற்பிக்க இதைவிட எளிய வாயில் இல்லை.

விதியே விடையை ஆக்கும்

மாணவர்கள் நன்கறிந்த புத்தகக் கிரிக்கெட்டிலிருந்து தொடங்கலாம். புத்தகத்தைக் கண்மூடித் திறந்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைக் காண வேண்டும். இடப்பக்க எண்கள் இரட்டைப்படை எண்களே ஆதலால் 0, 2, 4, 6, 8 என்னும் ஐந்தே இலக்கங்கள் வரும். 0 வந்தால் விக்கெட் விழும். 2, 4, 6 வந்தால் அத்தனை ஓட்டங்கள். 8 வந்தால் ஓட்டம் இல்லை என்று கொள்வோம்.

இவ்விதிப்படி ஐந்து பந்துகளுக்கு ஒரு விக்கெட் வீதம் விழும்; அந்த ஐந்து பந்துகளில் கிடைப்பவை 2 + 4 + 6 = 12 ஓட்டங்கள். ஆஸ்திரேலியாவிடம் 9 விக்கெட்டுகள் எஞ்சியிருந்தன. 9 × 12 = 108; முன்னர் எடுத்த 29ஐக் கூட்டினால் 137. சராசரிக் கணக்கில் இந்தியா வெல்லும்.

இனி 8 வந்தால் 8 ஓட்டங்கள் என்று ஒரே ஒரு விதியை மாற்றுவோம். ஒரு விக்கெட்டுக்கு 20 ஓட்டங்கள் ஆகும். 9 × 20 = 180; எடுத்த 29ஐயும் கூட்டினால் 209. வெற்றிக்கு வேண்டியவை 176 ஓட்டங்களே ஆதலால் இப்போது ஆஸ்திரேலியா வெல்லும்! மைதானத்தில் எதுவும் மாறவில்லை. மேசையிலுள்ள விதி மட்டுமே மாறியது. பாவனைச் சோதனை பயில்வோர் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுவே. புத்தகக் கிரிக்கெட்டில் பத்து விக்கெட்டுகளும் சராசரியாக 50 பந்துகளில் விழுந்துவிடும். மெய்யான ஆட்டத்தில் அவ்வாறு நேர்வது அரிது. ஆகவே இவ்விதி சிறுவர் பொழுதுபோக்குக்குப் பொருந்தும், மதிப்பீட்டுக்குப் பொருந்தாது.

பதிவேட்டிலிருந்து விதி

பொருத்தமான விதியை எங்ஙனம் அமைப்பது? அமெரிக்கர்கள் தம் பேஸ்பால் ஆட்டத்துக்கு இதனைச் செய்து காட்டினர். ஹால் ரிச்மன் என்பவர் 1961இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்னும் மேசை ஆட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சீட்டு உண்டு. அவ்வீரரின் மெய்யான ஆட்டப் பதிவிலிருந்து அச்சீட்டு தயாரிக்கப்படுகிறது. மூன்று பகடைகள் உருட்டப்படும். முதற்பகடையில் 1 முதல் 3 வரை வந்தால் மட்டையாளர் சீட்டையும், 4 முதல் 6 வரை வந்தால் பந்தெறிபவர் சீட்டையும் பார்க்க வேண்டும். மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை சீட்டில் உள்ள வரியைக் காட்டும். இரு பகடைகள் விழும் 36 வகைகளில் கூட்டுத்தொகை 7 ஆவது 6 வகைகளில். 2 ஆவது ஒரே வகையில். எனவே 7ஆம் வரியில் எழுதப்பட்ட நிகழ்ச்சி, 2ஆம் வரியில் உள்ளதைப் போல் ஆறு மடங்கு அடிக்கடி நேரும். திறமை சீட்டில் உள்ளது. தற்செயல் பகடையில் உள்ளது.

1981இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பேஸ்பால் ஆட்டங்கள் நின்றபோது, கிளீவ்லாந்தில் நடக்கவேண்டிய நட்சத்திர ஆட்டத்தை அந்நகர அரங்கிலேயே இச்சீட்டுகளைக் கொண்டு ஆடினர். 1994ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களும் இறுதித் தொடரும் கைவிடப்பட்டன. 74 வெற்றி, 40 தோல்வியுடன் முன்னணியில் நின்ற மாண்ட்ரியல் அணிக்குப் பட்டம் கிட்டியிருக்குமா என்பது மேசைமேல் மட்டுமே ஆராயத்தக்க கேள்வியாயிற்று.

முடியாத பருவம்

இந்தியாவிலும் இத்தகைய பருவம் ஒன்று உண்டு. 2019–20 ஐ-லீக் கால்பந்துப் போட்டி கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச்சில் நின்றது. 28 ஆட்டங்கள் எஞ்சின. ஒவ்வோர் அணியும் ஆடவேண்டியவை 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. மோகன் பகான் 16 ஆட்டங்களில் 39 புள்ளிகளும், ஈஸ்ட் பெங்கால் 16 ஆட்டங்களில் 23 புள்ளிகளும், கேரளத்தின் கோகுலம் அணி 15 ஆட்டங்களில் 22 புள்ளிகளும் பெற்றிருந்தன.

முதலிடத்தைக் காணப் பகடை தேவையில்லை. ஈஸ்ட் பெங்கால் எஞ்சிய நான்கிலும் வென்றாலும் 35தான்; கோகுலம் ஐந்திலும் வென்றாலும் 37தான். பிற அணிகளும் 39ஐ எட்ட இயலாத நிலை. எளிய கூட்டல் போதுமான இடத்தில் பகடையை எடுப்பது வீண்.

கீழ்நிலை இடங்களோ வேறு வகையின. கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும் தம்முள் யார் முன்னே நின்றிருப்பர்? வகுப்பறைக்கு ஒரு விதி: பகடையில் 1, 2 வெற்றி, 3, 4 சமநிலை, 5, 6 தோல்வி. கோகுலத்துக்கு ஐந்து முறையும் ஈஸ்ட் பெங்காலுக்கு நான்கு முறையும் உருட்டிப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இங்கு இரு அணிகளும் சமவலிமை உடையவை, எஞ்சிய ஆட்டங்களில் தமக்குள் மோதுவதில்லை என்பன எடுகோள்கள். தமக்குள் மோதுவதாகக் கொண்டால் அவ்வாட்டத்துக்கு ஒரே உருட்டலே இரண்டுக்கும் விடை தர வேண்டும்.

இவ்விதிப்படி நிகழக்கூடிய 19,683 சேர்க்கைகளையும் கணக்கிட்டால் கோகுலம் முந்துவது 9,470, ஈஸ்ட் பெங்கால் முந்துவது 8,160, சமன் 2,053. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 48, 41, 10. பட்டியலில் ஒரு புள்ளி பின்தங்கிய அணி, ஓர் ஆட்டம் மிகுதியாக இருந்தமையால் சற்றே முன்னிற்கிறது! நின்ற நாளின் பட்டியலையே இறுதித் தரவரிசையாகக் கொள்வது எத்துணை ஐயத்துக்குரியது என்பதை இது காட்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் மோகன் பகான் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது, எஞ்சிய பரிசுத் தொகை மற்ற அணிகளுக்குச் சமமாகப் பகிரப்பட்டது, எவ்வணியும் கீழிறக்கப்படவில்லை. உறுதியானதை உறுதியெனவும் ஐயமானதை ஐயமெனவும் ஏற்ற முடிவு அது.

எத்தனை முறை உருட்டுவது?

ஒரு முறை உருட்டி வந்த விடை ஒரு கதை மட்டுமே. 100 முறை செய்தால் கிடைக்கும் விழுக்காடு, மெய்யான மதிப்பிலிருந்து 10 வரை விலகுவது இயல்பு. 400 முறை செய்தால் விலகல் 5 அளவுக்குக் குறையும். முயற்சிகளை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும் என்பது விதி. 40 மாணவர்கள் தலைக்குப் பத்து முறை ஆடினால் 400 ஆகிவிடும். ஒரு பாடவேளை போதும்.

களப்பணியில் பயன்

1946இல் நோயிலிருந்து தேறிவந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியே சீட்டாடுகையில் வெற்றி வாய்ப்பைக் கணக்கிட முயன்றபோது, பலமுறை ஆடி எண்ணுவதே எளிதென உணர்ந்தார். மாண்டி கார்லோ முறை அவ்வாறு பிறந்தது. இன்று கணிப்பொறி அவ்வேலையை நொடியில் இலட்சக்கணக்கான முறை செய்கிறது. எனினும் தத்துவம் பகடையினதே.

களப்பணியாளர் இதனைப் பயிர்ப் பருவத்துக்கும் கையாளலாம். தம் வட்டாரத்து மழைப் பதிவேட்டில் அறுவடை வாரம் ஆறு ஆண்டுகளுக்கு இரண்டு வீதம் மழையில் நனைந்திருந்தால், பகடையின் இரு முகங்களை மழைக்கு ஒதுக்கி, அடுத்த பத்து ஆண்டுகளை உருட்டிக் காட்டலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழையில் சிக்குவதும் தற்செயலில் அடங்கும் என்பதை உழவர் கண்ணாரக் காண்பர். களத்து மேட்டில் தார்ப்பாய் வாங்கி வைப்பதன் பொருளும் விளங்கும்.

சோதனை முடிந்ததும் ஏட்டில் மூன்று செய்திகள் எழுதப்பட வேண்டும்: கொண்ட எடுகோள்கள் எவை, உருட்டிய முறைகள் எத்தனை, விதியை மாற்றியபோது விடை மாறியதா. மூன்றாவது எழுதப்படாத சோதனையை ஆசிரியர் முழுமையானதாக ஏற்றல் கூடாது.