விழித்திரை விலகல்: அறுவை சிகிச்சையும் அதற்குப் பிந்திய நாள்களும்

கண்ணின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி, விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடக்கூடும். அந்தக் கிழிசல் வழியாக நீர் புகுந்தால், ஈரம் ஏறிய சுவரிலிருந்து சாயம் உரிவதுபோல விழித்திரை உரிந்து விலகும். கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

இது வலிக்காது. அதனாலேயே பலர் நாள்களைக் கடத்திவிடுகிறார்கள். கண்முன் கரும்புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுவதுபோல் நிழல் படர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அடுத்த மாதம் பலதுறை மருந்தகத்தில் சந்திப்பு இருக்கிறதே என்று காத்திருக்கவேண்டாம். நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடவும் வேண்டாம். பார்வையின் மையப்பகுதி விலகுவதற்கு முன்பே சிகிச்சை கிடைத்தால், நல்ல பார்வை மிஞ்சும்.

அறுவை சிகிச்சை

பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றி, லேசர் கதிராலோ உறையவைக்கும் முறையாலோ கிழிசலைச் சுற்றி ஒட்டவைப்பார்கள். பிறகு கண்ணுக்குள் வாயுவையோ சிலிகோன் எண்ணெயையோ நிரப்புவார்கள். சிலருக்குக் கண்ணின் வெளிப்புறத்தில் சிலிகோன் பட்டை தைக்கப்படும். 10 பேரில் 8 அல்லது 9 பேருக்கு முதல் முறையிலேயே விழித்திரை ஒட்டிக்கொள்கிறது. மற்றவர்களுக்கு மறுபடியும் சிகிச்சை தேவைப்படலாம்.

தலையை ஏன் கவிழ்த்து வைக்கவேண்டும்?

வாயு எப்போதும் மேல்நோக்கி எழும். அது கிழிசலின்மீது அழுந்தியிருந்தால்தான் விழித்திரை சுவரோடு ஒட்டும். கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்து, முகத்தைக் கவிழ்த்தோ ஒருபக்கமாகச் சாய்ந்தோ சில நாள்கள் இருக்கச் சொல்வார்கள். எல்லாருக்கும் ஒரே நிலை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதைப் பின்பற்றாதீர்கள்.

கழுத்தும் முதுகும் வலிக்கும், சலிப்பாகவும் இருக்கும். உடம்பு எப்படி இருந்தாலும் தலையின் நிலைதான் முக்கியம். ஆகவே மேசையில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்து உட்காரலாம். ஒவ்வொரு மணி நேரத்திலும் சுமார் 10 நிமிடம் எழுந்து உண்ணவும் கழிப்பறைக்குச் செல்லவும் பொதுவாக அனுமதிப்பார்கள். ஒலி 96.8 வானொலி நல்ல துணை. மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள்.

முதலில் அந்தக் கண்ணில் அசைவுகள் மட்டுமே தெரியும். பயப்படவேண்டாம். வாயு கரையக் கரைய, கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழ் ஆடுவதுபோல, பார்வையின் குறுக்கே ஒரு கோடு ஆடியபடி மேலிருந்து கீழே இறங்கும். கடைசியில் சிறு குமிழாகி மறைந்துவிடும். வாயுவின் வகையைப் பொறுத்து இதற்கு 2 முதல் 8 வாரங்கள் ஆகலாம்.

வாயு கரையும்வரை விமானப் பயணம் கூடாது

உயரே செல்லும்போது வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் கடுமையாக ஏறும். பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். சென்னையில் பேரப்பிள்ளையின் திருமணமாக இருந்தாலும், திருச்சியில் உடன்பிறந்தவரின் இறுதிச்சடங்காக இருந்தாலும், மருத்துவர் அனுமதிக்காமல் விமானம் ஏறாதீர்கள். குடும்பத்தாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்களிடம் மறுப்பதுதான் பலருக்குச் சிரமம். கெந்திங் போன்ற மலைப்பகுதிக்கும் போகவேண்டாம். வேறு அறுவை சிகிச்சையோ பல் சிகிச்சையோ தேவைப்பட்டால், கண்ணுக்குள் வாயு இருப்பதை முதலிலேயே தெரிவியுங்கள். சில மயக்க வாயுக்கள் அதைப் பெருக்கிவிடும். மருத்துவமனையில் கைப்பட்டை அணிவித்திருந்தால் கழற்றாதீர்கள்.

எண்ணெய் வைத்திருந்தால் அது விரியாது. ஆனால் சில மாதங்கள் கழித்து அதை அகற்ற வழக்கமாக இன்னொரு சிகிச்சை தேவைப்படும்.

வீட்டில்

சொட்டு மருந்தைக் கைகழுவிவிட்டு இடுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். தலைக்குக் குளிப்பதையும் எண்ணெய்க் குளியலையும் எப்போது தொடங்கலாம் என்று தாதியிடம் கேளுங்கள். நெற்றியில் திருநீறு பூசும்போது தூள் கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொழுகையில் குனிவது பற்றியும் கேட்கத் தயங்கவேண்டாம். இரத்தத்தை இளக்கும் மருந்துகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

பார்வை தெளிய மாதங்கள் ஆகலாம். மையப்பகுதி ஏற்கெனவே விலகியிருந்தால், பழைய பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். வலி கூடினாலோ, சிவப்பு அதிகரித்தாலோ, சீழ் வடிந்தாலோ, நிழல் மறுபடியும் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றக் கண்ணிலும் இது ஏற்படக்கூடும். அவ்வப்போது ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.