சொல் அறிவோம்: ‘டெக்ஸ்டரஸ்’

ஐதராபாத்தில் சார்மினாரை அடுத்த லாட் பஜாரில் அரக்கு வளையல் செய்வோரைக் காண்கிறோம். தணலில் இளகிய அரக்கை வளையமாக்கி, அது இறுகுமுன் சின்னஞ்சிறு கற்களை வரிசை பிசகாமல் பதிக்கின்றனர். இத்தகைய கைத்திறனைச் சுட்ட ஆங்கிலத்தில் ‘டெக்ஸ்டரஸ்’ என்னும் பெயரடை உண்டு. ‘கைதேர்ந்த’ என்பது அதற்கு நெருங்கிய தமிழ். சிக்கலான பேச்சுவார்த்தையைச் சாதுரியமாக நடத்துபவருக்கும் இச்சொல் பொருந்தும்.

இலத்தீனில் ‘டெக்ஸ்டர்’ என்றால் வலப்பக்கம். அதிலிருந்து பிறந்த இந்த அடைமொழி 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வேரூன்றியது. வடமொழியின் ‘தட்சிண’ என்பது அந்த இலத்தீன் சொல்லுக்கு உறவு. கிழக்கு நோக்கி நிற்பவருக்கு வலப்புறம் தெற்கு ஆதலின், ‘தட்சிண’ என்பது தென்திசையையும் குறித்தது. அதுவே திரிந்து ‘தக்காணம்’ ஆயிற்று. ஆகவே, ஐதராபாத் அமைந்துள்ள பீடபூமியின் பெயரும் அங்குள்ள கைவினைஞரைப் போற்றும் ஆங்கிலச் சொல்லும் ஒரே வேரின் கிளைகள்!

தமிழ் வேறு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும், ‘வலம்’ என்னும் நம் சொல்லும் வலப்பக்கத்தோடு வலிமையையும் வெற்றியையும் உணர்த்துகிறது. பெரும்பாலோர் வலக்கைப் பழக்கமுடையோர் என்பதால், மொழிகள் பலவும் வலத்தையே உயர்த்தின போலும்.

இவ்வுயர்வு மற்றொரு கையைத் தாழ்த்தியது. இலத்தீனில் இடப்பக்கத்தைக் குறித்த ‘சினிஸ்டர்’, ஆங்கிலத்தில் தீய நோக்கமுடையது என்று பொருள்படலாயிற்று. இரு கைகளையும் ஒப்பப் பயன்படுத்துவோரை ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’ என்பர். அதன் நேர்ப்பொருளோ, இரண்டும் வலக்கையானவர் என்பதே! புகழும்போதுகூட இடக்கைக்கு அதன் பெயர் கிட்டவில்லை.

இது சொல்லளவில் நின்றுவிடவில்லை. இடக்கையால் எழுதிய குழந்தைகளை அதட்டி, எழுதுகோலைக் கைமாற்றிய இல்லங்களும் பள்ளிகளும் எத்தனையோ! இடக்கைப் பழக்கம் குறையன்று, இயல்பு. திறமை பயிற்சியால் வருவது; எந்தக் கையாலும் வருவது.

கணக்கேட்டில் பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம். இரண்டும் ஒத்தால்தான் கணக்கு நேராகும். உங்கள் குழந்தை இடக்கையால் எழுதத் தொடங்கினால், அக்கையே அழகாக எழுதக் கற்கட்டும்.